மூன்று பெட்டியிலும் ஓடாத டிஸ்க்

தெருவில் அவருக்குப் பெயரே 'மூணு பெட்டி'தான். கல்யாண வீடியோக்களை டிஸ்க்கில் ஏற்றித் தரும் கடை வைத்திருந்தார். ஏற்றியதும் கொடுத்துவிட மாட்டார். கடையில் மூன்று பிளேயர்கள் இருந்தன: ஒன்று உசத்தி, ஒன்று சுமார், மூன்றாவது பெயர்கூட வாயில் நுழையாத மட்டமான பெட்டி. மூன்றிலும் ஓடினால்தான் டிஸ்க் உறைக்குள் போகும்.

"உங்க வீட்டுப் பெட்டி எந்த ரகமோ! ஓடலைன்னா என் சட்டையைத்தானே பிடிப்பீங்க?" என்பார்.

அதெல்லாம் ஒரு காலம். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பெட்டியிலும் மூன்று கல்யாணம் ஒரே நேரத்தில் நடக்கும். தங்கள் தலை எதில் தெரிகிறது என்று ஜனங்கள் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பென் டிரைவ் வந்த பிறகும், எந்தப் பெட்டி எந்த ஃபைலை எடுக்கும், எதைக் கண்டால் முறுக்கிக்கொள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி. ஊருக்கெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர், சொந்த வீட்டு டிஸ்க்கில் கோட்டை விட்டுவிட்டார்.

கடையை மூடி எட்டு வருடம் கழித்து மகள் ஒருநாள் கேட்டாள்.

"அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்? எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது."

அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. மனைவியை எடுத்த டிஸ்க் ஒன்று வீட்டில் இருந்தது; அதைப் போட்டுப் பார்க்கும் தைரியம் அவருக்கு இத்தனை வருடமாக வந்ததில்லை. இப்போது பீரோவைத் துழாவி எடுத்தார். கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த உசத்திப் பெட்டி 'டிஸ்க் இல்லை' என்றது. சுமாரும் அதையே சொன்னது. மட்டமானது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியே தள்ளியது.

அப்போதுதான் உறைத்தது. பதிவு செய்த டிஸ்க்கைக் கடைசியில் ஃபைனலைஸ் செய்து மூட வேண்டும்; இதை அவர் மூடவே இல்லை. மூடினால் எல்லாப் பெட்டியிலும் ஓடும், ஆனால் அதற்கு மேல் எதையும் சேர்க்க முடியாது. மூடாவிட்டால் பதிவு செய்த ரெக்கார்டர்தான் கதி. அதையோ அவர் கடையை மூடும்போது சலூன்காரர் தலையில் கட்டியிருந்தார்.

நல்லவேளை, அது சலூன் கண்ணாடியின் கீழ் சீப்புகளைச் சுமந்துகொண்டு இருந்தது.

"ஓடுமா?"

"எங்க ஓடுது? டிஸ்க் வைக்கிற தட்டே வெளிய வராது. எடுத்துக்கங்கண்ணே, சீப்பு வைக்க மட்டும் ஒரு பலகை குடுத்துருங்க."

பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த முடியைத் தட்டி, இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து டிஸ்க்கைப் போட்டார். படம் வந்தது.

கையில் கிண்ணத்தோடு மனைவி. நாலு வயது வாலு கட்டிலைச் சுற்றி ஓடுகிறது.

"ஒரே ஒரு வாய்டி! சாப்பிட்டேன்னு சொல்லு, விட்டுடறேன்." மூச்சு வாங்கக் கேமரா பக்கம் திரும்புகிறாள். "என்னங்க, இதுல இடம் இருக்கா? இப்பவே மூடிடாதீங்க. இவ பெரியவளாகி என்னத்தைப் பேசறான்னு இதுலயே போடணும்."

மூடாமல் விட்டது மறதியால் இல்லை. அவள் சொன்னதால்தான். அதையே மறந்துபோயிருந்தார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இடம் எவ்வளவுப்பா இருக்கு?"

"பதினெட்டு நிமிஷம்."

பரணிலிருந்து பழைய கேமரா இறங்கியது. ரெக்கார்டரில் வயரைச் செருகி, மகளைக் கட்டிலில் உட்கார வைத்தார். அவள் கேமராவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பிட்டேன்மா."

அதன் பிறகு அவர் டிஸ்க்கை மூடி, மூன்று பெட்டியிலும் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் ஓடியது.