ட்வீட்டருக்குச் சந்தனப் பொட்டு

ஸ்பீக்கரை விற்றவனுக்கு லாபம் உண்டு, அதில் பாடியவருக்குக் கைதட்டல் உண்டு, நடுவில் குனிந்து நிமிர்ந்து அதைச் சரியான இடத்தில் வைத்தவனுக்கு முதுகுவலி மட்டும்தான் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தால் போதும், அது ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஆகிவிடும். பக்தி கேசட், விளம்பரப் பாட்டு, சீரியலுக்கு டைட்டில் பாட்டு என்று ஏதாவது ஒன்று அங்கே நடக்கும். அதற்கு ‘பவர்டு மானிட்டர்’ என்று ஒரு ஜோடி ஸ்பீக்கர் வந்து இறங்கும். ஆம்ப்ளிஃபயர் தனியாகக் கிடையாது, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதை அறைக்குத் தகுந்தபடி நிறுத்தி, பதிவானது பதிவானபடியே கேட்க வைப்பது என் பிழைப்பு.

சேகருக்கும் அதே பிழைப்புதான். இரண்டு பேரும் ஒரே கடையில் தொழில் கற்றுக்கொண்டோம். நான் டேப் பிடித்து அளந்து வைப்பேன். அவன் சிரித்துக்கொண்டே வைப்பான். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நீங்கள் என்ன வேலை பார்த்தாலும் பக்கத்து மேஜையில் ஒரு சேகர் இருப்பார். ஆகையால் இதைப் படிக்கும்போது என் பக்கம்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உட்கார்ந்து கேட்டவர்

தி.நகரில் விளம்பரப் பாட்டு போடும் மூர்த்தி, ஸ்பீக்கர் இரண்டையும் ஷெல்ஃபில் சுவரோடு ஒட்டி, மூலைக்கு ஒன்றாகச் சொருகி வைத்திருந்தார். மூலையில் வைத்தால் கீழ்ச்சுருதி இரண்டு பங்காகக் கேட்கும். அதை நம்பி அவர் பாட்டில் மிருதங்கத்தைக் குறைத்துவிடுவார். வெளியே ரேடியோவில் போட்டால் பாட்டு சோனியாகக் கேட்கும்.

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, ஸ்டாண்டில் ஏற்றி, அவர் நாற்காலிக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் வரும்படி அளந்து, காதைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அடுத்த பாட்டு எந்த ரேடியோவில் போட்டாலும் கணீரென்று கேட்டது. பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவரே போன் செய்தார்.

“நீங்க வச்சுட்டுப் போனீங்க சார், இல்லைன்னு சொல்லலை. நேத்து சேகர் சார் சும்மா வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் செட் ஆச்சு.”

மாமியின் வீணை

மயிலாப்பூரில் கல்யாணி மாமி வீட்டு மாடி. மாமி வீணை விதுஷி, தன் வாசிப்பைத் தானே பதிவு செய்ய ஆசைப்பட்டார். அறையில் மொசைக் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர். பதிவைப் போட்டால் வீணை ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதில் ஊசியாகக் குத்தியது. குற்றம் ஸ்பீக்கர் மேல் இல்லை, அறை மேல், கனமான திரை போட்டால் சரியாகிவிடும் என்றேன். மாமி திரைக்குத் துணி பார்க்கத் தொடங்கினார்.

அதற்குள் பூஜை போட சேகர் வந்துவிட்டான். புது ஸ்பீக்கருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அவன் வழக்கம். பெட்டியில் வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மேலே ட்வீட்டர் என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். கீச்சு ஒலியெல்லாம் அதிலிருந்துதான் வரும். அதன் நடுவில் மெல்லிய பட்டுத்துணிக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு நெற்றி மாதிரியே இருக்கும். அதில் கட்டை விரலால் அழுத்தி வைத்துவிட்டான். சந்தனம் காய்ந்து, அந்தக் கனத்தில் குமிழ் சரியாக அதிராமல், கீச்சு ஒலி பாதியாகக் குறைந்தது. குத்தலும் போய்விட்டது. மாமி எனக்குப் போன் செய்து திரை வேண்டாம் என்றார்.

“சேகர் கைராசிக்காரன். பொட்டு வச்சான், ஸ்பீக்கர் சாந்தமாயிடுத்து.”

பொட்டை அழித்தேன்

மறுநாளே மயிலாப்பூருக்கு ஓடினேன். காய்ந்த சந்தனம் வெடிக்கும், பட்டும் கூடவே கிழியும், ட்வீட்டர் செத்துவிடும் என்று மாமிக்கு விளக்கினேன். சொன்னது அத்தனையும் உண்மை. சேகரின் கைராசி வெறும் சந்தனக் கனம்தான் என்று நிரூபிக்கும் அவசரமும் எனக்கு இருந்தது. முதலில் திரையைப் போட்டுவிட்டு அப்புறம் பொட்டை அழித்திருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை. ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு, டேப்பைப் போட்டேன். வீணை பழையபடி குத்தியது. மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

“ஆத்துல எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. நன்னா இருந்ததைத் தொட்டு நீங்க கெடுத்துட்டேளே.”

அடையாறு அழைத்தது

அடையாறில் பக்தி கேசட் போடும் ராஜாராம் மூன்று அறைகளோடு ஸ்டூடியோ கட்டினார். முதல் அறையை யார் ஒழுங்காகச் செய்கிறார்களோ, மற்ற இரண்டும் அவருக்கு. நியாயமாகப் பார்த்தால் சேகரைத்தான் கூப்பிட்டிருப்பார். ஆனால் என்னைக் கூப்பிட்டார். அளந்து வேலை செய்கிறவர் என்று யாரோ சொன்னார்களாம். அந்த யாரோ யார் என்று தெரிந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்த மூன்று அறைகளும் என் பேரில் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைப்போல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. காபியை வாயருகே கொண்டுபோனபோது ராஜாராம் சொன்னார்.

“செட்டிங் எல்லாம் நீங்க பண்ணிடுங்க சார். திறப்பு விழா அன்னைக்குப் பொட்டு வைக்க மட்டும் சேகர் சாரைக் கூப்பிட்டிருக்கேன்.”

திறப்பு விழா

முதல் அறையைப் போல நான் எந்த அறையையும் செய்ததில்லை. கம்பளம், திரை, ஸ்டாண்ட் எல்லாம் கச்சிதம். தம்பூரா டேப்பைப் போட்டால் யாரோ நடுவில் உட்கார்ந்து மீட்டுவதுபோல் இருந்தது. சேகர் வந்து ட்வீட்டரில் சந்தனத்தை அப்பினால் அத்தனையும் மழுங்கிவிடும். வைக்காதே என்று முன்கூட்டிச் சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள். யோசித்து ஒரு வேலை செய்தேன். இந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் கீச்சு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. இரண்டு ஸ்பீக்கரிலும் அதைக் கூட்டி வைத்தேன். சந்தனம் குறைப்பதை சுவிட்ச் ஈடுகட்டிவிடும்.

விழாவன்று வெள்ளை வேட்டியில் சேகர் வந்தான். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தான். ட்வீட்டரைத் தொடவே இல்லை. பெட்டியின் மேல்பலகையில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டு என் காதோரம் வந்தான். “மாமி சொன்னாங்க மச்சி. பட்டு மேல வெச்சா பூடும்னு சொன்னியாமே. கரெக்டு. அதான் கட்டை மேல வெச்சுட்டேன்” என்றான்.

நான் பின்பக்கம் பாய்வதற்குள் ராஜாராம் டேப்பைத் தட்டிவிட்டார். ஜால்ரா ஒலி அறையைக் கிழித்தது. வந்தவர்கள் முகம் சுளித்து என்னைப் பார்த்தார்கள். சேகரும் என்னைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது. கற்பூரத் தட்டோடு ஸ்பீக்கரைச் சுற்றுகிறவன்போல் பின்னால் போய், இரண்டு சுவிட்சையும் இறக்கிவிட்டு வந்தான். நான் முதலில் அமைத்திருந்த ஒலி அப்படியே வந்தது. கூட்டம் சேகரைப் பார்த்துத் தலையாட்டியது. காட்டிக் கொடுத்திருந்தாலாவது அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். மற்ற இரண்டு அறைகளும் அங்கேயே, அப்போதே அவனுக்குப் போயின.

வெளியே செருப்பு மாட்டும்போது சேகர் என் தோளில் கை போட்டான்.

“எனக்கு இந்த டேப்புலாம் புடிச்சு அளக்க வராது மச்சி. ரெண்டு ரூமையும் நீயே வெச்சுடு, நான் வந்து பொட்டு வெச்சிட்டு போய்க்கினே இருக்கேன்.”

அந்த இரண்டு அறைகளையும் நான்தான் செய்தேன், அடையாறில் யாரைக் கேட்டாலும் சேகர் செய்தது என்பார்கள், அவன் வைத்தது பொட்டு மட்டும்தான் என்று சொன்னால் எனக்குப் பொறாமை என்பார்கள், அதுவும் உண்மைதான்.