ஏமஸ் சொல்லாமல் விட்ட வரி

வெர்லின் டாக்கெட் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. பதினெட்டு வயதில் மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்தவன் நாற்பத்தாறிலும் அங்கேதான் இருந்தான். ரம்பத்தின் இரைச்சலுக்குள்ளேயே காலம் போனதால் அவனுக்கு வாயைவிடக் கைஜாடை சுலபமாக வந்தது. தேவாலயச் சபையில் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுப்பினால், "கர்த்தர் நல்லவர்" என்று இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்துவிடுவான்.

அவனை, சாரணர் படை மாதிரிச் சபை நடத்திய பையன்கள் படைக்கு இழுத்துப்போனவள் மனைவி கார்லிஸ். திங்கள்தோறும் சாயங்காலம் சபைக் கூடத்தில் வேதபாடமும் முடிச்சுப் போடுவதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்காவின் ஓசார்க் மலைக்காட்டில் முகாம். மகன் ஏமஸுக்கு அப்போது ஏழு வயது. முதல் நாளே தலைவர் ஹாலிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பையனை இறக்கிவிட்டுட்டுப் போற இடம் இல்லம்மா இது. குடும்பம் கூட நிக்கணும். நீங்க கூட நின்னா பையன் வழி தவறமாட்டான்."

நின்றார்கள். முகாமில் தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் தவித்த வெர்லின், அடுப்புப் பக்கம் ஒதுங்கி, அப்படியே சமையல்காரனாகிப்போனான். கரி நெருப்பின் மேல் வார்ப்பிரும்புச் சட்டியை வைத்து, மூடியின் மேலும் கங்கு போட்டு அவன் சுடும் சோளரொட்டிக்குப் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். கார்லிஸ் தன் பிள்ளையின் சட்டைக்கு மட்டுமல்ல, தாய் இல்லாத இரண்டு பையன்களின் சட்டைக்கும் தேர்ச்சிப் பட்டைகள் தைத்தாள். ஏமஸின் தங்கை ஜூனிக்குத் தீராத கோபம். "பொண்ணுங்களுக்கு ஏன் படை இல்ல? இவனைவிட நான் நல்லா முடிச்சுப் போடுவேன்" என்பாள். அது உண்மையும்கூட.

இப்படி ஏழு வருஷம் போனது. ஏமஸுக்குப் பதினான்கு. படையின் மிக உயர்ந்த தேர்ச்சியான பெரிய பட்டைக்கு வேண்டியதையெல்லாம் முடித்திருந்தான். ஓடையின் குறுக்கே நடைபாலம் கட்டினான். இருபது மைல் மலை ஏறினான். கால் சறுக்கி விழுந்த சின்னப் பையன் ஒருவனை முதுகில் சுமந்து இறக்கினான். பட்டை கொடுப்பதற்கென்றே ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பங்களெல்லாம் முகாமுக்கு வந்திருந்தன. மத்தியானம் இரண்டு மணி. ஏமஸ் வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல ஆரம்பித்தான்.

"நான் பலவீனருக்குத் துணையாயிருப்பேன். நான் பொய் பேசமாட்டேன்." அங்கே நின்றுவிட்டான்.

மறந்துவிட்டான் என்று நினைத்து ஹாலிஸ் அடியெடுத்துக் கொடுத்தார். "தேவகுமாரனை விசுவாசித்து..." பின்வரிசையில் யாரோ, "வெர்லின் மகனாச்சே, ரெண்டு வரிக்கு மேல வராது!" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான்.

"மறக்கல பிரதர்," என்றான் ஏமஸ். "எனக்கு விசுவாசம் இல்ல. இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். வரல. பொய் பேசமாட்டேன்னு இப்பதானே சொன்னேன்."

சிரிப்பு அடங்கியது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹாலிஸ் மெதுவாக வெர்லினிடம் வந்து, "நீங்க பேசிப் பாருங்க. நாங்க காத்திருக்கோம்" என்றார்.

வெர்லின் மகனை ஓடைக்கரைக்கு அழைத்துப்போனான். பேச வேண்டியது மலையளவு இருந்தது. வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"எப்பலேர்ந்துடா?"

"ரெண்டு வருஷமாப்பா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

வெர்லின் யோசித்தான். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "சும்மா வாயால சொல்லிட்டு வாடா. அம்மாவுக்காக" என்றான்.

ஏமஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். "நீங்களாப்பா இப்படிச் சொல்றது?"

வெர்லினுக்கு முகம் எரிந்தது. மகனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றான்.

திரும்பி வந்து ஹாலிஸிடம் தலையை மட்டும் அசைத்தான். ஹாலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவனை மாதிரி நேர்மையான பையன் இந்தப் படையிலயே இல்ல வெர்லின். ஆனா அந்த வரி இல்லாம பட்டை குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல." ஏமஸ் சீருடைச் சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு போய் வண்டியில் உட்கார்ந்தான்.

அடுப்பருகே கார்லிஸ் வந்து நின்றாள். அழவில்லை. "ஏழு வருஷம் கூடவே நின்னோமே வெர்லின்," என்றாள். "கூட நின்னா போதும்னுதானே சொன்னாங்க? இன்னும் என்ன செஞ்சிருக்கணும்?"

அறுபது பேர் தட்டேந்திக் காத்திருந்தார்கள். வெர்லின் கரண்டியை எடுத்துப் பீன்ஸ் பரிமாற ஆரம்பித்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் செய்வதுபோல. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. செத்தது யாருமில்லையே, பிள்ளை அதோ வண்டியில் உட்கார்ந்திருக்கிறானே என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் அதற்கப்புறம் சண்டை எதுவும் வரவில்லை. கார்லிஸ் தினம் விடியற்காலையில் மகனுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தாள். ஏமஸ் ஞாயிறுதோறும் அவர்களோடு சபைக்கு வந்தான். பாடும்போது எழுந்து நிற்பான், பாடமாட்டான். பக்கத்தில் நிற்கும் வெர்லினும் பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிடுவான். மகனிடம் ஏதாவது பேசலாமென்று மில்லில் நாள் முழுக்க வார்த்தை சேர்ப்பான். வீட்டுக்கு வந்ததும், "சாப்பிட்டியாடா?" என்பதற்கு மேல் எதுவும் வராது.

அக்டோபரில் ஹாலிஸ் போன் செய்தார். முகாமில் சமைக்க ஆள் இல்லை, வர முடியுமா என்று. வெர்லின் போனைக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தான்.

"போங்கப்பா. உங்களை விட்டா அந்தப் பசங்களுக்கு யாரு ரொட்டி சுட்டுத் தருவா?" என்றான் ஏமஸ்.

மறுநாள் காலை அவனே கனமான சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றினான். கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். வெர்லின் வண்டியைக் கிளப்பிவிட்டு, "நீயும்..." என்று ஆரம்பித்தான்.

"இல்லப்பா."

"சரிடா" என்று சொல்லிவிட்டு வெர்லின் தனியாகக் காட்டுக்குப் போனான்.