பெயர் வெட்டாத கல்

முப்பது வயது வரைக்கும் தோசைக்கல் கல்லால் ஆனது என்றே நான் நினைத்திருந்தேன். கறுப்பாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, பெயரிலேயே கல் இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தட்டில் விழுந்த பிறகுதான் தோசைக்கும் எனக்கும் பழக்கம்.

தில்லி ஜனக்புரியில் எங்கள் மாடிப் போர்ஷனில் கல்லே கிடையாது. கல்யாணத்துக்கு அலுவலக நண்பர்கள் கொடுத்த நான்-ஸ்டிக் தவாதான். தோசை தானாக நழுவி வருவதை வருகிறவர்களுக்கெல்லாம் வித்தை மாதிரிக் காட்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். அன்றோடு வித்தை முடிந்தது. தவாவுக்குச் சொறி பிடித்தது. தோசையில் கறுப்புச் செதில்கள் வந்தன. மிளகு தோசை என்று நான் பெயர் வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தைய வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை தோசையைத் தவிர வேறெதுவும் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. அந்தத் தோசையில்தான் செதில்.

எதிர்ப் போர்ஷனில் ஒரு பஞ்சாபி அம்மாள் தனியாக இருந்தார். அவருடைய கிளிக்கூண்டு எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டித் தொங்கும். ஒருநாள் காலை நான் காலித் தவாவை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிட்டேன். காட்டமாக ஒரு புகை வந்தது. ஓடிவந்து அணைத்தபோது ஜன்னலுக்கு வெளியே கிளி கூண்டின் அடியில் மல்லாந்து கிடந்தது. அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அன்று அந்த அம்மாள் கண் பட்டுவிட்டது என்று அழுதார். என் மனைவி தவாவைத் துணியால் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் வைத்தாள். திரும்பி வரும்போது ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை. ஆபீசில் ஒருவர் எவர்சில்வர் என்றார், பிடித்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். அலுமினியம் போதும் என்றார் பஞ்சாபி அம்மாள். மனைவி எதையும் காதில் வாங்கவில்லை.

"பூச்சு கீச்சு எதுவும் வேண்டாங்க. கல்லு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நல்ல கனமா, என் காலத்துக்கும் வர்ற மாதிரி."

அரசாங்க ஹிந்திப் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. கல்லுக்கு ஹிந்தியில் பத்தர். சதர் பஜார் பாத்திரக் கடையில் பத்தர் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்தர் இங்கே கிடையாது, பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் போங்கள் என்று வழி சொன்னார். போனேன். சுவரோரம் கறுப்பிலும் வெள்ளையிலும் பலகைக் கற்கள் சாத்தியிருந்தன. சிலவற்றில் பெயர் வெட்டியிருந்தது. எனக்கு மனது குளிர்ந்தது. நம்மூர்ப் பாத்திரக் கடை மாதிரி இங்கேயும் பெயர் வெட்டித் தருகிறார்களே.

கல்லுக்காரருக்கு என் அப்பா வயது இருக்கும். யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். வயது கேட்டார். இருபத்தாறு என்றேன். ரொம்பச் சின்ன வயசு என்று தலையை ஆட்டினார். நன்றாகச் சமைப்பாள் என்று சமாதானம் சொன்னேன். வாழ்நாள் முழுக்க வர வேண்டும் என்றதற்கு, அதற்குப் பிறகும் வரும் என்றார். நல்ல வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் கேட்டார், சொன்னேன். "தாரீக்?" என்றார். தேதி எதற்கு? சீர்ப் பாத்திரத்தில் தேதியும் போடுவதுண்டே. என் தலையில் அப்போது இருந்தது ஒரே தேதிதான், பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்தது. அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்றார்.

"டாக்டர் நே ஜவாப் தே தியா?"

டாக்டர் பதில் சொல்லிவிட்டாரா என்று கேட்கிறார். ஜவாப் என்றால் பதில், முதல் வகுப்புக்காரனுக்குத் தெரியாதா?

"ஹான் ஜி, தே தியா" என்றேன் உற்சாகமாக.

அவர் எனக்கு டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை என் தோளில் கை வைத்திருந்தார். தில்லியில் இப்படி ஒரு கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

வீட்டுப் படியில் பஞ்சாபி அம்மாளிடம், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஹிந்தியிலேயே பெருமையாகச் சொன்னேன். ஜவாப் வரைக்கும் வந்ததும் அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாய் சாஹப், டாக்டர் ஜவாப் தந்துவிட்டார் என்றால் கைவிட்டுவிட்டார், இனிப் பிழைக்காது என்று அர்த்தம். நீங்கள் இவளுக்குக் கல்லறைக் கல் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்."

என் மனைவி சிரித்தாள். "தோசைக்கல்லு இரும்புங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "என்ன தேதி சொன்னீங்க?" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினேன். கல்லில் தேதியை வெட்டி முடித்திருந்தார். பெயரைத் தொடவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் பெயரை உளி தொடக் கூடாது, அதனால் தேதியை முதலில் வெட்டினேன் என்றார். நான் பாதி ஹிந்தியும் பாதி கையுமாக விஷயத்தை விளக்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். கல் வீணாகிவிட்டதே என்றேன். ஒன்றும் வீணில்லை என்று அதைச் சுவரில் சாத்தினார்.

"இருக்கட்டும். இந்தத் தேதி யாருக்காவது பொருந்தும்."

நான் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினேன். 

தோசைக்கல்லை மனைவியே போய் வாங்கினாள். பஞ்சாபி அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திலக் நகர் கடைகளில் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, தட்டையான, கனத்த இரும்பு ஒன்றைப் பொறுக்கினாள். அதைப் பழக்குவது என் தண்டனை. எண்ணெய் தடவி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்துத் தேய்த்து, நானே ஊத்தப்பம் மாதிரி மணந்தேன். முதலில் ஊற்றியவை எல்லாம் பிய்ந்துதான் வந்தன. பிய்ந்ததை நான் தின்றேன். மெல்ல மெல்லக் கல் பழகியது, செதில் இல்லாத தோசையை அவள் சாப்பிட்டாள். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி மட்டும் காலியாக இருந்தது. யார் கழற்றியது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன அதே தேதியில் மகள் பிறந்தாள். இரண்டு பேரும் சௌக்கியம். பத்திய நாட்கள் முடிந்து மனைவி அடுப்படிக்குத் திரும்பிய பிறகு, லட்டு வாங்கிக்கொண்டு கல்லுக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு என் மகளை வாழ்த்தினார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த இடம் காலியாக இருந்தது.

"பொருந்திவிட்டது" என்றார் அவர். மீதி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பெண்ணும் சின்ன வயசுதான்" என்றார்.

பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை பஞ்சாபி அம்மாள் மடியில் இருந்தது.

"என்ன சொன்னாரு கல்லுக்காரரு?"

"லட்டுல சர்க்கரை கொஞ்சம் கம்மியாம்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தோசைத் திருப்பியை என் கையில் கொடுத்தாள். நான் திருப்பினேன், தோசை பிடித்துக்கொள்ளாமல் வந்துவிட்டது.