பச்சையப்பனின் ஈசிஜி பெட்டி

காது போன மெக்கானிக்கை நம்பி யார் வண்டியை விடுவார்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான்கு வருஷமாக நாடகம் ஆடிக்கொண்டிருந்தான் பச்சையப்பன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பைக் காய்ச்சி அடிக்கிற பட்டறையில் பத்தொன்பது வருஷ வேலை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டான், மடையன். கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பியபோது காதையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தான். நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். அது அவன் மனைவி புவனேஸ்வரிக்கு மட்டுமே தெரியும்.

பட்டறைக்குப் போகும் முன்னால் கற்ற தொழில் மெக்கானிக் வேலைதான். ஆனால் அது இன்ஜினில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிற தொழில் ஆயிற்றே. அந்த நேரத்தில்தான் சோழவரத்துக் காயலான் கடையில் இந்தப் பெட்டி அகப்பட்டது. அங்கே கார் பந்தயம் நடந்த காலத்தில் எவனோ ஒரு மெக்கானிக் வைத்திருந்ததாம். டிரங்குப் பெட்டி அளவு; முகத்தில் மூன்று மீட்டர், வாலாக நாலைந்து ஒயர். ஸ்பார்க் பிளக் வைத்த பெட்ரோல் இன்ஜினில் மாட்டினால் அது எப்படி ஓடுகிறது என்று முள் காட்டிவிடும். காதுக்கு வேலை இல்லை. ஊரார் அதற்கு ஈசிஜி பெட்டி என்று பேர் வைத்து, "டாக்டரு வந்துட்டாருப்பா" என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அவனிடம் வந்ததெல்லாம் டீசல் டிராக்டர்; அதில் பிளக்கே கிடையாது, பெட்டியால் ஒரு பைசா உபயோகம் இல்லை. அங்கெல்லாம் சும்மா பந்தாவுக்கு வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்துவந்தான்.

இந்த மார்கழிக் கடைசியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. ஆரணியாற்றோரம் குணசுந்தரியின் இரண்டரை ஏக்கர் நெல், அறுக்க வேண்டிய பயிர், முழங்கால் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. புருஷன் செத்த பிறகு ஒண்டியாக நின்று அவள் போட்ட முதல் போகம். இன்னும் ஒரு நாள் ஊறினால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். டிரான்ஸ்பார்மர் முழுகிக் கரண்ட் இல்லை. வாடகை டீசல் பம்புகளை முந்திக்கொண்டவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மாமனார் காலத்துப் பெட்ரோல் டிராக்டர் ஒன்றுதான். அதில் பெல்ட் மாட்டினால் பம்பு ஓடும். ஆனால் அது நொண்டியடித்து நொண்டியடித்து நின்றுவிடுகிறது.

"பச்சண்ணா, இன்னிக்குத் தண்ணி எறங்கலன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். எப்படியாச்சும் ஓட வச்சுக் குடு" என்றாள். அழுது வீங்கிய முகம். உதட்டைப் படிக்கவே அவனுக்குச் சிரமமாக இருந்தது.

பெட்டியின் ஒயர்களை மாட்டி இன்ஜினைக் கிளப்பினான். ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். முதலாவதைக் கழற்றினால் இன்ஜின் வேகம் குறைந்து முள் விழுந்தது. இரண்டாவதுக்கும் விழுந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது அசையவே இல்லை. ஆக, மூன்றாவது சிலிண்டர் செத்துக் கிடக்கிறது. பையில் இருந்த வேறு பிளக்கைப் போட்டதும் முள் ஏறி நின்றது. பச்சையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஏமாற்றாமல் ஒரு வேலை செய்திருக்கிறான்.

பத்து மணிக்குப் பெல்ட்டை மாட்டினார்கள். பம்பு வரப்பைத் தாண்டி வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது. மதியத்துக்குள் ஒரு சாண் இறங்கிக் கதிர்கள் வெளியே தெரிந்தன. பச்சையப்பன் இன்ஜின் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்து, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான்.

பன்னிரண்டரைக்கு இன்ஜினுக்குள் டொக் டொக் என்று இடிக்க ஆரம்பித்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை. பேரிங் போகிற சத்தம். முள் பிளக்கைப் பார்க்குமே தவிரப் பேரிங்கைப் பார்க்காது. அது ஆடாமல் அசையாமல் நின்றது.

அடுத்த வயல்காரர் அருணாச்சலம் வந்து இன்ஜினைப் பார்த்தார், பச்சையப்பனைப் பார்த்தார். பெட்டியைத்தான் வியக்கிறார் என்று நினைத்து இவன் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். அவர் தலையாட்டிவிட்டுக் குணசுந்தரியிடம் போனார்.

"இன்னாம்மா, உள்ள எதுவோ இடிக்கிற மாதிரி கீதே?"

"எனக்கும் கேக்குது. அண்ணன் பக்கத்துலயேதான குந்திக்கினு கீது, அதுக்குத் தெரியாததா?"

இரண்டு மணிக்குப் பேரிங் நொறுங்கி, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜினின் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சுடச்சுட ஆயில் தண்ணீரில் கொட்டிப் பரவியது. பெல்ட் தளர்ந்து விழுந்தது. முள் பூஜ்யத்துக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் பச்சையப்பன் நிமிர்ந்தான்.

குணசுந்தரி ஓடிவந்தாள். "ஒன்ற மணி நேரமா இடிச்சுக்கினே இருந்துச்சேண்ணா. நீ சிரிச்சுக்கினு இருந்தியே, அதான் நானும் உட்டுட்டேன்."

முறிந்த ராடையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஜின் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்; அவள் நம்பியிருப்பாள்.

"எனக்குக் காது கேக்காதும்மா. நாலு வருசமாச்சு. பொழப்பு போயிடும்னு யாராண்டயும் சொல்லல."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவள் வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரப்பின் அடியில் வாய்க்கால் தண்ணீர் கசிந்து மறுபடியும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அவள் தாடை அசைவது மட்டும் தெரிந்தது.

"நீ பேசுறது எனக்குத் தெரியலம்மா. இப்படித் திரும்பிச் சொல்லு" என்றான். வண்டி கொடுத்தவர்கள் யாரிடமும் அவன் இதுவரை கேட்காத உதவி அது.

அவள் திரும்பினாள். அவனுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"காலைலயே சொல்லியிருக்கலாமேண்ணா. எனக்குக் காது நல்லாத்தான கீது. நான் கேட்டுச் சொல்லியிருப்பேனே."