மணல் கொட்டிய கம்ப்யூட்டர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.
2. மாமா ஒரு செட்டிங்கை மாற்றி அதன் வேகத்தைக் கூட்டினார்.
3. பெட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ வெடித்தது.
4. அம்மா எங்கள் எல்லாரையும் வாசலுக்கு விரட்டினாள்.
5. அம்மா மறுபடி உள்ளே போய், கம்ப்யூட்டருக்குள் ஒரு வாளி மணலைக் கொட்டினாள்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இன்னொன்றும் நடந்தது. அப்போது அது வரிசையில் சேர்க்கவேண்டிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா சாமிப் படக் காலண்டர் டிசைன் செய்வார். ஒரு காலண்டர் கம்பெனி முதல்முறையாக அவரை நம்பி முழு ஆர்டரையும் கொடுத்திருந்தது. அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் எல்லாப் படங்களும் அச்சுக்குப் போக வேண்டும். சொன்னபடி கொடுத்தால் தொடர்ந்து வேலை வரும்; அம்மா டைப்பிங் பழகி வீட்டிலேயே உதவலாம்; பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேனில் ஏற வேண்டியதில்லை. சித்தப்பா இதைத் தினமும் ஒருமுறையாவது சொல்வார். அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

மாமா, அம்மாவின் தம்பி. விருதுநகரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அவர் கோத்துக் கொடுத்ததுதான். சித்தப்பா கேட்டது விளம்பரத்தில் வரும், பெரிய நம்பர் போட்ட சிப். மாமா போட்டதோ நம்பர் குறைந்த, வேறு கம்பெனிச் சிப். அந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பேச்சுத்தான்.

“ரெண்டு புள்ளி நாலு பெருசா, ஒண்ணு புள்ளி எட்டு பெருசா? இந்தா, இந்தப் பிள்ளைகிட்டயே கேளு மாப்ள” என்று அந்த ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பா என்னைக் காட்டினார்.

“வண்டி எம்புட்டு உறுமுதுன்னா பாக்குறது? லோடு எம்புட்டு இழுக்குதுன்னு பாருங்க மச்சான்.”

“இங்கன ஒரு முருகனை சேவ் பண்றதுக்குள்ள பழனிக்கே போய்ட்டு வந்துரலாம். இதுல லோடு வேறயா?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, நீலத்திரையில் எதையோ மாற்றினார். சூடு தணிவதற்காகப் பெட்டியின் பக்கத் தகட்டை ஏற்கெனவே கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை வைத்திருந்தார்கள். முருகன் முன்பைவிடச் சீக்கிரம் திறந்தார். மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சத்தம். கூடவே கொஞ்சம் புகை, கருகல் வாடை.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். வரும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

“எந்திரிங்க! வெளிய போங்க எல்லாரும்! செருப்பத் தேடாதீக!”

நானும் தங்கச்சியும் சித்தப்பாவும் மாமாவும் தெருவில் வெறுங்காலோடு நின்றோம். அம்மா ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கதவைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி கதவைப் பார்த்தாள். அப்பா லோடு லாரியில் வெளியூர் போயிருந்தார். வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியவில்லை என்று தங்கச்சி என் காதில் சொன்னாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதற்குள் அம்மா, பாத்ரூம் கட்டுவதற்காகச் சந்தில் இறக்கியிருந்த மணலை வாளியில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பா பின்னாலேயே ஓடினார். “மதினி, அது வெடியில்ல மதினி, கம்ப்யூட்டரு!”

“சத்தம் வந்துச்சுல்ல?”

“ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாம்லக்கா” என்றார் மாமா.

“கேட்டுக்கிட்டு நிக்கிற நேரமாலே அது?”

ஆர்டர் முழுவதும் அந்த மணலுக்கு அடியில் இருந்தது. சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். மாமா, தங்கச்சியின் பெயின்ட் பிரஷால் மணலைத் தள்ளி ஹார்டு டிஸ்கைக் கழற்றினார். அதை அம்மாவின் பழைய நூல் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் விருதுநகர் பஸ்ஸில் ஏறினார்கள். வெடித்ததற்குக் காரணம் கூட்டிய வேகமா, சிப்பின் சூடா என்று வழியிலுள்ள ஆமத்தூர் தாண்டும்வரை சண்டை போட்டதாகப் பிறகு தெரிந்தது. கடையில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் டிஸ்க் வேலை செய்தது. திங்கட்கிழமை காலையில் படங்கள் அச்சுக்குப் போயின.

இருவர் சொன்ன காரணமும் முழுக்கச் சரியில்லை என்பதைக் கல்லூரியில் படித்தேன். வெடித்தது மதர்போர்டில் குட்டி டப்பாபோல நிற்கும் கெப்பாசிட்டர். அந்த வருஷங்களில் உலகமெங்கும் ஏராளமான போர்டுகளில் இவை தரமில்லாமல் வந்தன. வேகத்தைக் கூட்டாத கம்ப்யூட்டர்களிலும் உப்பி வெடித்தன.

அம்மா எண்ணியதற்கு விளக்கம் கிடைக்க இன்னும் நாளானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீ ஒத்திகை நடந்தது. எல்லாரும் கட்டடத்தைவிட்டு வெளியே வந்து நிற்க, ஒருவர் தலைகளை எண்ணினார். எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய சீசனில் அம்மாவின் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்திருந்தது. ஓடிவந்தவர்களை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணியிருக்கிறார்கள். அம்மாவோடு வேலை பார்த்த, அவளுக்கு வேனில் இடம்பிடித்து வைக்கும் அக்கா அந்த எண்ணிக்கையில் இல்லை. அம்மா சில நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். எங்களுக்கு அது லீவுபோல இருந்தது, அவ்வளவுதான்.

மணல் கொட்டியதற்குப் பிறகு வந்த தீபாவளி சீசன் முடிந்ததும் அம்மா வேன் ஏறுவதை நிறுத்திவிட்டாள். சித்தப்பா சொந்தமாக டிசைன் சென்டர் நடத்துகிறார். அவரும் மாமாவும் இப்போது கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நான் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா எங்களை ஒருமுறை எண்ணுகிறாள். எண்ணி முடித்த பிறகும் கதவைப் பார்க்கிறாள்.