தம்பி சத்தமாகத்தான் பேசுவான்

என் தம்பிக்குக் காதுக்குள் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த இரைச்சலைத் தாண்டி எதிரே நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்று அவன் சத்தமாகத்தான் பேசுவான். அந்தக் குரல்களை அடக்கத்தான் குடிக்க ஆரம்பித்தான். குடியை நிறுத்தவைக்கும் இடத்தில், முதலில் மனநோய்க்கு வைத்தியம் பாருங்கள் என்றார்கள். மனநோய் பார்க்கும் இடத்தில், குடியை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே நாங்கள் பஸ்ஸில் அலைந்தோம்.

பிறகு அடையாறில் மாநகராட்சி ஒரு மையம் திறந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே டாக்டர். ஆனால் சோதனைக்காகத்தான். தொடர்வதா மூடுவதா என்பது தரமணியிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்பவர்கள் கொடுக்கும் அறிக்கையைப் பொறுத்தது. அதற்காக ஒரு பெண் மயிலாப்பூரில் என் இஸ்திரி வண்டிக்கு வந்து தம்பியிடம் கேள்வி கேட்பார். நான் ஐந்தாவது வரை படித்தவன், பாதி புரியாது. கடைசிக் கேள்விகளுக்கு ஆள் கிடைக்காவிட்டால் பாதியில் விட்டவராகக் கணக்கு வைப்பார்கள், அப்படிப்பட்டவர்கள் கூடினால் மையம் நிலைக்காது என்பது மட்டும் புரிந்தது.

கடைசியாக அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்குத்தான் கிண்டியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தம்பியைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. பேச்சு படிந்ததும் சொல்லலாம் என்றாள் என் மனைவி. அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, வண்டியை விட்டு நகராதே என்று சொல்லிவைத்திருந்தேன். வண்டி நிற்பதோ எங்கள் மாடி வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, கீழே தெருவில்.

கேசரித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது வெளியே அவன் குரல் கேட்டது.

"போன மாசமா? ரெண்டு தபா குடிச்சேன்."

மனைவி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். "தொறந்தே இருக்கட்டும்மா, புழுங்குது," என்றார் பையனின் அம்மா.

நான் கீழே ஓடினேன். விருந்தாளிகள் வந்திருப்பதைச் சொல்லி, சாயந்திரம் வர முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உடனே அறிக்கை அனுப்பியாக வேண்டும், தெருமுனைக்குப் போய்ப் பேசலாமா என்றார். தம்பி அசையவில்லை. அண்ணன் நகரக்கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றான். மெதுவாகப் பேசடா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வாயை மூடிக்கொள்வான், பிறகு நாள் கணக்கில் திறக்க மாட்டான்.

மேலே ஜன்னலில் பையனின் அம்மா நின்றிருந்தார்.

"கேளும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

குரல்கள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டார்.

"கீது. முன்ன மாதிரி திட்றதில்ல. சும்மா பேசிக்கினு கீது."

மையம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"இன்னா பண்றது? அண்ணங்கூட மறுபடியும் பஸ்ல சுத்தணும். அது பாவம், யாராண்டயும் பேசக் கூச்சப்படும்."

"யாருங்க அது?" என்று மேலிருந்து கேட்டார் அந்த அம்மா.

"என் தம்பிங்க," என்றேன். என் குரலும் சத்தமாகவே வந்தது.

அவர்கள் காப்பி குடித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். போன் வரவில்லை. மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் மட்டும் அன்று தலைப்பூவைக் கழற்றாமல் மிச்சக் கேசரியை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனாள்.

பிறகு மாநகராட்சி அலுவலகத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களைக் கூப்பிட்டு அறிக்கையைப் படித்தார்கள். தெருவில் வைத்துக் கேட்பது வீட்டாரைச் சங்கடப்படுத்துகிறது, இனி மையத்துக்குள்ளேதான் கேட்க வேண்டும் என்று ஓர் இடத்தில் வந்தது. அது எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். மற்றது புரியவில்லை. முடிவை எங்கே சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

தம்பி எழுந்து நின்றான். "தொறந்து இருக்குமா, மூடிருவீங்களா? அத்த சொல்லு நைனா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி தாளை இறக்கினார். "இன்னும் ஒரு வருஷம் இருக்கும். அப்புறம் மறுபடியும் பார்ப்போம்."

அன்று சாயந்திரம்தான் மனைவி பேசினாள். அடுத்த முறை பெண் பார்க்க வருவதற்குள் வண்டியைத் தெருமுனைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள்.

வேண்டாம், ஜன்னலுக்கு எதிரேயே நிற்கட்டும் என்றேன்.