மூன்று நாள் கேட்டுச் சொல்கிறேன்

கர்த்தருக்குள் இளைப்பாறும் அக்காவைப் பற்றி எழுதும்படி அவருடைய கணவர், என் மாமா, என்னிடம் சொன்னபோது, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "அவகிட்ட ஜாஸ்தி சண்ட போட்டவன் நீதான். நீயே எழுது" என்றார். எழுதுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் பிறந்தார். எங்களுக்கு நிலம் இல்லை. வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அதன்பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தது அக்காதான். நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. லாரியில் கிளீனர், பெங்களூரில் சித்தாள், பூனாவில் ஓட்டல் வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். அக்கா செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர்களின் படுக்கை விரிப்புகளை இருபது வருடத்துக்கு மேல் துவைத்தார். மாமாவும் அவரும் வேங்கிக்காலில் சிறிய வீடு கட்டினார்கள். பிள்ளைகள் இல்லை.

அக்காவோடு வாழ்ந்தவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். எதைக் கேட்டாலும், "மூணு நாள் கேட்டுச் சொல்றேன்" என்பார். இரண்டு சீட்டுகளில் 'போ' என்றும் 'இரு' என்றும் எழுதி, சுருட்டி, வேதப்புத்தகத்துக்குள் வைப்பார். மூன்று நாள் ஜெபம் செய்துவிட்டு மூன்றாம் நாள் காலை ஒன்றை எடுப்பார். கல்யாணத்துக்குப் போவதற்கும் சீட்டு, மிக்ஸி வாங்கப் போவதற்கும் சீட்டு.

"ஊரே பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையச் சுத்துது. இவ ஒரு மிக்ஸிய மூணு நாளா சுத்தறா" என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார்.

போதகரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஏம்மா, மிக்ஸிக்கெல்லாமா ஆண்டவரக் கேக்கணும்?"

"வேற யாரக் கேக்கறதுங்க ஐயா, கடைக்காரனையா?"

நான் பூனாவிலிருந்து திரும்பிய வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. வேலூரில் பெரிய டாக்டர், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்றார். அக்கா அவரிடமும் அதையே சொன்னார்.

"மூணு நாள் கேட்டுச் சொல்றேங்க."

"வீட்டுக்காரர் பக்கத்துலதானேம்மா இருக்காரு? இப்பவே கேளுங்க."

"இவரக் கேக்கலீங்க."

பஸ்ஸில் வேலூரிலிருந்து வேங்கிக்கால் வரை நான் கத்திக்கொண்டே வந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சீட்டு எழுதி வைத்தார். 'இரு' என்று வந்துவிட்டால் இவரை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு சீட்டுகளையும் எடுத்துவிட்டு, இரண்டிலும் 'போ' என்று எழுதிய வேறு சீட்டுகளை வைத்தேன். இதை இப்போதுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அக்கா ஒன்றை எடுத்துப் படித்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாதம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "இன்னொரு சீட்டையும் அன்னிக்கே பிரிச்சுப் பாத்தேன், தெரியுமா?"

"தெரிஞ்சுமா வந்த?"

"வேதத்துல கழுத வாயாலயே பேசினவருடா அவரு. உன் மூலமா பேச மாட்டாரா?"

மாமா சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"அப்ப எதுக்குக்கா இந்தச் சீட்டு?"

"சீட்டு கெடக்குது. அந்தச் சாக்குல மூணு நாள் அவருகிட்ட பேசிட்டே இருக்கலாம் இல்ல?"

இதை முப்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு கட்டி திரும்ப வந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டிருந்தார்.

"வேணாம்னு சொல்லிட்டேன். வா, வூட்டுக்குப் போலாம்."

"மிக்ஸிக்கு மூணு நாளு, இதுக்கு ஒரு டீ வாங்கற நேரமா?"

"இத ரொம்ப நாளாவே கேட்டுட்டுதான்டா இருக்கேன்."

வாழ்நாள் முழுக்க அந்தச் சீட்டைக் கேலி செய்தவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கெஞ்சினேன். "சீட்டாவது போட்டுப் பாருக்கா."

"போட்டா, ரெண்டுலயும் நீ ஒண்ணையே எழுதுவ" என்று சொல்லி என் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்தார்.

அதன்பின் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். வலி கம்மியான நாட்களில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். ஒரு காலையில், மாமாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போது கர்த்தரிடம் சேர்ந்தார்.

அந்த நாட்களில் விடுதியில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் முறைவைத்து வந்து அவருடைய துணிகளைத் துவைத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு அம்மா, கோயிலுக்குப் போய்ச் சுவாமி கும்பிடுகிறவர், தினமும் கஞ்சி கொண்டுவந்து, அக்கா ஜெபித்து முடிக்கும்வரை கிண்ணத்தோடு நின்றார். போதகர் ஐயா எந்த நேரம் அழைத்தாலும் வந்தார். இவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி.

மாமா என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறார். இருப்பதா, கிளம்புவதா என்று அக்கா கேட்டவரிடமே நானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் சொல்லக் காணோம். அக்கா எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.